ரப்பர் அழித்த வரி

சேலத்தில் ஒரு வரிகூட எழுதாமல் சம்பளம் வாங்கிய ஒரே புரோகிராமர் எங்கள் அலுவலகத்தில் நாங்கள் 'ரப்பர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தவர்தான். மற்றவர்கள் எழுதியதில் தேவையில்லாததைத் தேடி அழிப்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். என் வரிகளில் கைவைத்தால் விடுவேனா?

"ஏனுங்க, வாரம் பூரா உக்காந்து எழுதுனதுங்க."

"அதானுங்க இவ்வளவு நீளம்."

ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. எல்லோரும் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தோம். ரப்பர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த நிமிசம் இலை மேல சோத்தக் கொட்டப்போறாங்க. தொடச்சு என்னங்க ஆவுது?"

"சோறு போவாத மூலையில தூசி இருந்தா, சாமி?" என்றார் பக்கத்து இலைப் பெரியவர். ரப்பர் அப்பளத்தை நொறுக்கினார்.

அவருக்கு ஒரே ஆசை: உலகமே சேர்ந்து எழுதும் கர்னலில் தன் பெயர் வர வேண்டும். கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஓட்டும் மென்பொருள்தான் கர்னல். அதில் கோப்புகளைச் சேமிக்கும் பகுதியில் இதே பந்தி வேலையைக் கண்டுபிடித்தார். நினைவகத்தில் ஓர் இடத்தை வாங்கி, பூஜ்யம் நிரப்பித் துடைத்து, உடனே அதன் மேலேயே தகவலை எழுதுகிறார்கள். துடைக்கும் வரியை அழித்து, கர்னலைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அனுப்பினார். அந்த வாரமே மூளைக்காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் பார்க்கும் இணையக் குழுவில் பதில் வந்தபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. சிறிய கோப்பு என்றால் இடம் முழுதும் நிரம்பாதே, மிச்சத்தில் கிடக்கும் பழைய தகவலும் சேர்ந்து பதிவாகிவிடுமே என்று கேட்டிருந்தார்கள். பந்திப் பெரியவரின் கேள்விதான். சரிசெய்யாவிட்டால் ஏற்க மாட்டார்கள்.

நிரம்பாத வால்பகுதியை மட்டும் துடைக்க ஒரு வரி சேர்த்தேன். ரப்பர் இருந்திருந்தால் அதையும் அழிக்கப் பார்த்திருப்பார். எழுதியவர் இடத்தில் அவர் பெயர். சோதித்தவள் என்று கீழே என் பெயர். மேலே போட்டுக்கொள்ள ஆசை இல்லாமல் இல்லை. ஏற்றுக்கொண்டார்கள்.

ராசிபுரத்தில் தறி ஓட்டும் அவருடைய அப்பாவிடம் காட்டப் போனேன். தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"எம் பையன் எழுதுனதா, சாமி?"

"அழிச்சதுங்க."

"அழிச்சதுக்குமா பேரு போடறாங்க?"

"போட்டிருக்காங்க, பாருங்க."

போனை இரண்டு கைகளாலும் வாங்கினார். இங்கிலீஷ் எழுத்து. நான் பெயரைப் படித்துக் காட்டினேன்.

"இன்னொருக்கா படி, சாமி."

அவர் போதும் என்று சொல்லும் வரை படித்தேன். அதற்குப் பிறகும் ஒரு முறை படித்தேன், எனக்காக.