கிளிமொழித் தேர்வுக்குப் போன கிளி

ஒரு காட்டில் முப்பத்தேழு வகைப் பிராணிகளும் ஒரே ஒரு அலுவலகமும் இருந்தன. முப்பத்தேழு வகையும் முப்பத்தேழு மொழி பேசின. நரி ஊளையிட்டு மனுக் கொடுத்தால் குமாஸ்தா முள்ளம்பன்றிக்குப் புரியாது. "நாளைக்கு வா" என்று முள்ளம்பன்றி உறுமினால் நரிக்கு விளங்காது; அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். அலுவலகம் இருந்தும் யாரையும் அலைக்கழிக்க முடியவில்லையே என்று சிங்கராஜா மிகவும் வருந்தினார். காட்டில் அதிகம் பேசுவது கிளிகள்தானே, அந்த மொழியே எல்லோருக்கும் பொதுமொழி என்று கடைசியில் உத்தரவு போட்டார்.

எல்லாப் பிராணிகளும் விழுந்து விழுந்து கற்றன. மூன்று தலைமுறைக்குள் காடே கிளிமொழி பேசியது. கிளிகள் மட்டும் தங்கள் மரத்தில் தங்கள் பாட்டுக்கு இருந்தன. அலுவலகத்துப் பக்கம் அவை எட்டிப் பார்த்ததே இல்லை.

முதன்முதலில் போனவன் சுகவனம் என்கிற கிளி. அவன் மனைவி பவளக்கொடிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மரப்பொந்துகளையெல்லாம் அலுவலகம் எடுத்துக்கொண்டு, மனுப் போட்டவர்களுக்கு ஒதுக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. பொந்து இல்லாமல் கிளி எங்கே முட்டையிடும்? கிளையில் இட்டால் உருண்டு விழுந்து உடையும். அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வரிசையில் நின்று கவுண்டரை அடைந்தான்.

"மொழிச் சான்றிதழ்?" என்றது முள்ளம்பன்றி.

"எந்த மொழிங்க?"

"கிளிமொழி."

சுகவனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, நானே கிளிங்க."

"அது பிறப்பு. மூணாம் நம்பர் கவுண்டர். இது மொழி. நாலாம் நம்பர். பத்து நாள் டைம். சான்றிதழ் இல்ல, பொந்து உடும்புக்கு. புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லு."

காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயர் உடும்பினுடையது. முட்டை என்றால் அதற்கு உயிர். பின்னால் நின்றபடி சுகவனத்தைப் பார்த்து அன்போடு நாக்கை நீட்டியது.

கிளிகளின் நாகரிகம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எதையும் நேரடியாகச் சொல்வது கிளிகளிடம் மரியாதைக்குறைவு. பசித்தால், "இன்னைக்கு வெயில் சீக்கிரமே ஏறிடுச்சு" என்பார்கள். கேட்கிற கிளி உடனே பழம் எடுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அதைக் காக்கைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். சுகவனம் இந்தக் கலையில் பெரிய கெட்டிக்காரன். தேர்வில் முதல் மார்க் தனக்குத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

தேர்வு நடத்தியது வடிவாம்பாள் என்னும் எருமை. பேச்சைக் கேட்பதற்காக சடையன் என்கிற கரடியை எதிரே உட்கார வைத்திருந்தார்கள்.

"தெற்குல தீ. கரடிக்குச் சொல்லு," என்றது எருமை.

சுகவனம் தொண்டையைச் செருமிக்கொண்டான். "சடையன் ஐயா, வீட்டுல எல்லாரும் சௌக்கியங்களா? ஒண்ணுமில்ல, தெற்குப் பக்கம் வானம் கொஞ்சம் சிவந்த மாதிரி பட்டுச்சு. ஆத்தங்கரை இந்நேரம் குளுகுளுன்னு இருக்கும்னு எனக்கென்னவோ ஒரு நெனப்பு..."

கிளிகள் கேட்டிருந்தால் அடுத்த நொடி மரம் காலி. கரடி தெற்கே திரும்பிப் பார்த்தது. "அழகு," என்றது. பிறகு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்து வந்தது ஒரு தவளை. "தீ. தெற்கு. ஓடு!" என்றது. கரடி எழுந்து ஓடியேவிட்டது. திரும்பப் பிடித்துக்கொண்டுவர அரை நாள் ஆயிற்று.

தவளைக்கு ஐம்பதுக்கு ஐம்பது. சுகவனத்துக்கு மூன்று. அந்த மூன்றும் நிறத்துக்குப் போட்டது.

"மேடம், நான் என்ன தப்பாப் பேசிட்டேன்?"

"பேச்சு நல்லா இருக்கு. கேட்டவன் செத்துட்டான்," என்றது வடிவாம்பாள்.

"ஆனா இது எங்க மொழிங்க."

"முன்னாடி உங்க மொழி. இப்போ எல்லாருக்கும் மொழி. நீ மட்டும் தப்பாப் பேசுற."

பெற்றவள் ஊட்டிய மொழியில் ஓர் எருமை தன்னைத் திருத்துகிறதே என்று அவன் பொருமினான். ஆனால் முட்டை காத்திருக்குமா? அந்த எருமையே நடத்திய ஏழு நாள் பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். தவளைதான் உதவி ஆசிரியர். ஒரு சொல், ஒரு மூச்சு. ஒரு சொல், ஒரு மூச்சு. சொன்னதை மட்டும் கேள், சொல்லாததைக் கேட்காதே. ஏழாம் நாள் நாற்பத்தொன்பது வாங்கினான். ஒருமுறை வாய் தவறித் "தயவுசெய்து" என்றதற்காக ஒரு மார்க் போயிற்று.

சான்றிதழைக் காட்டிப் பொந்துக்கான உத்தரவை வாங்கிக்கொண்டு சிட்டாகப் பறந்து வீட்டுக்கு வந்தான்.

"பவளம். பொந்து. கிடைச்சுது. வேணுமா, வேணாமா? சொல்லு."

பவளக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. கண் கலங்கியது, அடிவயிறு வேறு இழுத்துப் பிடித்தது. இருந்தாலும் நல்ல குடும்பத்துக் கிளி அல்லவா? "எனக்கென்னங்க அவசரம்? இந்தக் கிளையே காத்தோட்டமாத்தான் இருக்கு. நீங்க களைச்சு வந்திருக்கீங்க, மெதுவாப் பாத்துக்கலாம்," என்றாள்.

முட்டை வந்துகொண்டே இருக்கிறது, இந்த நொடியே என்னை அழைத்துக்கொண்டு போ என்று இதற்கு அர்த்தம். பத்து நாளைக்கு முந்தைய சுகவனம் பாதிப் பேச்சிலேயே பிடித்திருப்பான். சான்றிதழ் வாங்கிய சுகவனம் விரல் மடக்கிப் பார்த்தான். அவசரம் இல்லை. கிளை நல்லது. பொந்து வேண்டாம். "புரிஞ்சுது," என்று தலையை ஆட்டிவிட்டு அலுவலகத்துக்குப் பறந்துபோய், பொந்து வேண்டாமென்று எழுதிக் கொடுத்தான். உடும்பு அப்போதே மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டது.

மனைவியின் விருப்பத்தை நிறைவேற்றிய திருப்தியோடு திரும்பும்போது, மூன்று மரம் தள்ளியே அவன் காதில் சத்தம் விழுந்தது. தேனடையோடு அந்த வழியே போன சடையன் கரடி, கிளையில் நெளிந்துகொண்டிருந்த பவளக்கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன?" என்றது கரடி.

"ஒண்ணுமில்லீங்க. இன்னைக்குக் கொஞ்சம் புழுக்கம் அதிகம்."

கரடிக்குப் புழுக்கம் என்ற சொல் தெரியாது. அதற்குத் தெரிந்ததே நாற்பது சொல்தான். அவள் வயிற்றைப் பார்த்தது. "முட்டை?" என்றது. "முட்டை. இப்போ. ஆமாவா, இல்லையா?"

ஒரு பெண்கிளியிடம் கேட்கிற கேள்வியா இது! வலியிலும் ஆத்திரத்திலும் பவளக்கொடி, "ஆமாய்யா, ஆமா!" என்று கத்தினாள். கத்திய வேகத்தில் முட்டை உருண்டது. கரடி இரண்டு கையையும் ஏந்தியது. தேனடை கீழே விழுந்து சிதறியது. முட்டை பத்திரமாகக் கைக்குள் இருந்தது.

"பிடி! அழுத்தாத! கக்கத்துல வை! இன்னும் மூணு இருக்கு, நகராத!" என்று அவள் மேலேயிருந்து அதட்ட, கரடி சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தது.

சுகவனம் வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தான். நாலாவது முட்டையும் இறங்கிய பிறகு கேட்டான். "இப்படித் தெளிவா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, பவளம்?"

பவளக்கொடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்ககிட்டப் போய் எப்படிங்க இப்படியெல்லாம் பேசறது? நீங்க நம்மாளாச்சே."

நான்கு குஞ்சுகளும் கரடியின் அக்குளிலேயே பொரிந்தன. சேதி பரவி, இப்போது அந்தக் காட்டில் கிளி இருக்கும் மரத்தடிகளிலெல்லாம் சம்பளத்துக்கு ஒரு கரடி உட்கார்ந்திருக்கிறது.

நீதி: கட்டியவரோடு மனம்விட்டுப் பேச, உங்கள் மொழி அரைகுறையாகத் தெரிந்த கரடி ஒன்று அவசியம். கரடி வேண்டுவோர் படிவம் பதின்மூன்றை மூன்று பிரதிகளில் தரவும். மொழி நன்றாகத் தெரிந்த கரடிகள் விண்ணப்பிக்க வேண்டாம்.