துரை ஏறிய நாற்காலி

இந்தச் சம்பவம் எங்கள் தெருவில் தற்போது மூன்று வடிவங்களில் வழங்கிவருகிறது. என் மனைவி சொல்வது ஒன்று. எதிர்வீட்டில் இருக்கும் நாய்ப் பயிற்சிக்காரர் சொல்வது ஒன்று. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கையும் காலும் ஒட்டிச் சொல்வது மூன்றாவது. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் நான்தான் தோற்கிறேன். தோற்ற நேரத்தில் நின்றுகொண்டிருந்தேனா, குனிந்துகொண்டிருந்தேனா என்பதில் மட்டுமே பாடபேதம். ஆகவே உள்ளதை உள்ளபடி நானே சொல்லிவிடுவது உத்தமம். குனிந்துகொண்டுதான் இருந்தேன்.

முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளனாக இருந்தவன் நான். சாட்சி சொல்வதைச் சொன்னபடி எழுதுவது என் வேலை. சாட்சி இருமினால் ‘இருமினார்’ என்று எழுதுவேன். ஓய்வுபெற்ற அன்று உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு பிரம்பு நாற்காலி கொடுத்து வழியனுப்பினார்கள். அகலமான கைகள், சாய்ந்த முதுகு, பஞ்சு மெத்தை. இத்தனை காலம் பிறர் பேசக் கேட்டாயிற்று, இனி இதில் அமர்ந்து நான் பேசுவது என்று தீர்மானித்தேன்.

நாற்காலியை முன்னறையில் ஜன்னலோரம் போட்டேன். வெளிச்சம் அங்கேதான். காற்று அங்கேதான். என் மனைவியின் தையல் இயந்திரமும் அங்கேதான். இருபது வருடமாக அவள் அந்த அறையில் தைக்கிறாள். வருகிறவர்களை வரவேற்று, அவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஓர் ஆள் அதுவரை இல்லாதிருந்தது. அந்தக் குறையை நான் தீர்த்தேன். மேல்கோட்டு தைக்கக் கொடுத்த ஆசிரியரிடம், அந்த நிறம் அவருக்கு எடுக்காது என்றேன். இடுப்பளவு கொடுத்த ஒரு பெண்ணிடம், போன தடவையைவிட இரண்டு அங்குலம் கூடியிருக்கிறது என்று நோட்டைப் பார்த்துத் தெரிவித்தேன். உள்ளதைச் சொல்வதில் என்ன தவறு?

பதினேழு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினெட்டாம் நாள் துரை உட்கார்ந்தது.

துரை எங்கள் நாய். தவிட்டு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள் அது மெத்தையில் ஏறி, தாடையை நாற்காலிக் கையில் வைத்து, பாட்டன் சொத்தில் படுத்திருப்பதுபோல் கண்ணை மூடியிருந்தது.

“ஏம்மா, இதைக் கொஞ்சம் இறக்கேன்.”

“பாவம், அசந்து தூங்குது. விடுங்களேன்.”

“அது என் நாற்காலி.”

“அதுக்குத் தெரியுமா?”

“ஒரு அதட்டு போட்டாத் தெரியும்.”

“போடுங்க. மறுபடி கட்டிலுக்கு அடியில போய் மூணு நாள் சாப்பிடாமக் கிடக்கும். போன தடவை மாதிரி நீங்கதான் தரையோட தரையாப் படுத்து ஊட்டணும்.”

அதட்டவில்லை. என் முதுகு அதைத் தாங்காது.

அன்று மாலையே எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் மைதானத்தில் நாய்களுக்குப் பாடம் நடத்துகிறவர். என் வழக்கப்படி குறிப்பேடும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

“நாய்க்குச் சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது சார். எதைச் செஞ்சாத் தின்ன கிடைக்குதோ அதைத் திரும்பச் செய்யும். அவ்வளவுதான்.”

“இறங்க வைக்கணும்.”

“அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, கழுத்தைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. வேகவைச்ச கோழி, சுண்டுவிரல் நகம் அளவு போதும். நல்லதைச் செஞ்ச அந்த நொடியே குடுக்கணும். ஆனா முதல்ல கீழ ஒரு விரிப்புப் போடுங்க. அதுல படுத்திருக்கும்போது குடுங்க. தனக்குன்னு ஒரு இடம் இருந்தா அது ஏன் உங்க இடத்துக்கு வருது?”

அனைத்தையும் எழுதிக்கொண்டேன். விரிப்பையும் வாங்கிவந்தேன். ஆனால் அது சுற்றுவழியாகத் தோன்றியதால், சுருட்டியபடியே அலமாரியின்மேல் போட்டுவிட்டேன். இறங்க வேண்டியது நாற்காலியிலிருந்து. இறங்கினால் கறி. இதில் விரிப்புக்கு என்ன வேலை?

“நாற்பது நாள்ல நாற்காலி என் கைக்கு வந்துடும்” என்று மனைவியிடம் அறிவித்தேன்.

“வரலைன்னா?”

“வரும்.”

“வரலைன்னா?”

“அதுக்கே விட்டுட்டு நான் பின்னறைக்குப் போயிடுறேன்.”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். ‘நாற்பதாம் நாள் காலை பத்து மணி அடிக்கையில் மேற்படி நாற்காலியில் எவர் அமர்ந்திருக்கிறாரோ, நாற்காலி அவருக்கே உரியது.’ கீழே தேதி, கையொப்பம். ஓட்டையில்லாத வாசகம். பின்னறை என்பது இஸ்திரி மேசையும் பழைய பெட்டிகளும் இருக்கும் இடம். அதன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். நன்றாகத் தெரியும், ஏனென்றால் வேறெதுவும் தெரியாது.

பயிற்சி தொடங்கியது. முதல் நாள் துரை நான்கு முறை இறங்கியது. நான்கு துண்டு. மூன்றாம் நாள் ஒன்பது முறை. எட்டாம் நாள் இருபத்திரண்டு முறை. இவ்வளவு சீக்கிரம் இறங்கக் கற்றுக்கொண்ட நாயை உலகம் கண்டிருக்காது என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

“இருபத்திரண்டு தடவை இறங்கணும்னா இருபத்திரண்டு தடவை ஏறியிருக்கணுமே” என்றாள், நூலைப் பல்லால் கடித்தபடி.

அதை நான் அந்தக் கோணத்தில் பார்த்திருக்கவில்லை.

உண்மை அதுதான். துரை இறங்குவதற்காகவே ஏறியது. என் முகத்தைப் பார்க்கும், ஏறும், இறங்கும், வாயைத் திறக்கும். கால்நடை மருத்துவர் எடை பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது விருந்தினர் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். இரண்டு கிலோ கூடியிருந்தது. நாய் சந்தோஷமாக இருந்தது. நான் உட்கார்ந்த நேரத்தைவிட நின்ற நேரமே அதிகம்.

முப்பத்தெட்டாம் நாள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். முப்பத்தேழு நாள் விவரம், நேரத்தோடு. அந்த அம்மாள் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்.

“‘காலை 9.40. நான் எழுந்து வாசலுக்குச் சென்றேன். மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இயந்திரத்தின்மேல் வைத்தாள். துரை ஏறியது. 9.41. நான் திரும்பினேன். துரை இறங்கியது. ஒரு துண்டு.’”

அடுத்த பக்கம் புரட்டினார். அதற்கடுத்ததும் புரட்டினார்.

“சார், எல்லாப் பக்கத்துலயும் அக்கா கண்ணாடியைக் கழட்டுறாங்க.”

“கண்ணு வலிக்கும். நாள் முழுக்கத் தைக்கிறால்ல.”

“கழட்டினதும் ஏறுது.”

“தற்செயலா இருக்கும்.”

“எழுநூறு தடவையா?”

நான் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து தெளிவாகவே இருந்தது.

“ஞாயித்துக்கிழமை அக்கா எங்க போறாங்க?”

“முட்டிவலிக்கு நடக்கப் போறா.”

“மைதானத்துக்குத்தான் நடந்து வர்றாங்க. முதல் வரிசை. நல்ல கை. இதுக்குமேல கேக்காதீங்க சார், என் மழைக்கோட்டு அக்காகிட்டத் தைக்கிறதுக்கு இருக்கு.”

வீட்டுக்கு வந்து, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, இயந்திரத்தருகே எப்போதும் அவள் கைக்கெட்டுகிறபடி இருக்கும் பொத்தான் டப்பாவைத் திறந்தேன். மேலே பொத்தான்கள். அடியில் ஒரு சிறிய மூடிபோட்ட கிண்ணம். அதற்குள் வேகவைத்த கோழி, சுண்டுவிரல் நகம் அளவில், என்னுடையதைவிட ஒழுங்காக நறுக்கப்பட்டு. ஏறினால் அவள் கொடுத்திருக்கிறாள். இறங்கினால் நான் கொடுத்திருக்கிறேன். ஏறவும் கூலி, இறங்கவும் கூலி. துரையாக இருந்தால் நானும் வேறு வேலை பார்த்திருக்கமாட்டேன்.

கோபம் வந்தது. ஆனால் கோபப்படுவதற்கு உட்கார இடம் வேண்டும். ஆகவே திட்டமிட்டேன். சைகை இருந்தால்தானே நாய் ஏறும்? சைகையையே எடுத்துவிட்டால்?

நாற்பதாம் நாள் காலை, அவள் முகம் கழுவும்போது, மூக்குக்கண்ணாடியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்பது மணிக்கே நாற்காலியில் அமர்ந்தேன். மெத்தை இன்னும் மெத்தென்று இருந்தது. துரை தரையில் படுத்து, நிமிர்ந்த காதை மட்டும் என் பக்கம் திருப்பியிருந்தது. ஒன்பதரைக்கு எதிர்வீட்டு அம்மாள் சாட்சியாக வந்தார், தன் மழைக்கோட்டையும் வாங்கிக்கொண்டு போகலாமென்று.

“என்னங்க, என் கண்ணாடியைப் பார்த்தீங்களா?”

“இல்லையே.”

பிரமாணம் செய்துவிட்டுப் பொய் சொன்னவர்கள் எத்தனையோ பேரை எழுதியிருக்கிறேன். எல்லாரும் இப்படித்தான் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள்.

அவள் மேசை தேடினாள். ஜன்னல் விளிம்பைத் தடவினாள். இயந்திரத்தின்முன் உட்கார்ந்து, நூல் முனையை எச்சிலில் நனைத்து, கண்ணைச் சுருக்கி, ஊசிக் காதைத் தேடினாள். நூல் இந்தப் பக்கம் போயிற்று. அந்தப் பக்கம் போயிற்று. மூன்றாம் முறை விரலில் குத்திக்கொண்டு, சத்தமில்லாமல் உதறினாள். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

“ஒரு காலர்தான் பாக்கி. இவங்க காத்திருக்காங்க. கொஞ்சம் கோத்துக் குடுங்களேன்.”

“ஊசியை இங்க கொண்டா.”

“இயந்திரத்து ஊசிங்க. அதைக் கழட்டியா கொண்டுவருவாங்க?”

நியாயம்தான். கணக்கிட்டுப் பார்த்தேன். மூன்று அடி தூரம். அரை நிமிட வேலை. சைகை என் பையில். மேலும், அந்த விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. முப்பத்து நான்கு வருடம் எனக்குச் சட்டை தைத்த விரல்.

எழுந்தேன். குனிந்தேன். முதல் முயற்சியிலேயே நூல் ஏறியது. கூடவே பின்னால் பிரம்பும் ஒரு முறை கிறீச்சிட்டது.

சுவர்க்கடிகாரம் பத்து அடித்தது. நான் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். நிமிர அவசரம் எதுவும் இல்லை.

“அதெப்படி ஏறும்? கண்ணாடி என் பையிலதானே இருக்கு?”

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கண்ணாடியெல்லாம் ரெண்டாவது வாரத்தோட முடிஞ்சுபோச்சுங்க” என்றாள் மனைவி. “இப்ப அதுக்குச் சைகை நீங்க எழுந்திருக்கிறதுதான்.”

“சைகையை மாத்துறது மூணாம் பாடம் சார்” என்றார் அந்த அம்மாள், ஜன்னலைப் பார்த்தபடி.

“அப்ப நேத்துவரைக்கும் ஏன் கழட்டினே?”

“நீங்க ஒவ்வொரு தடவையும் எழுதிக்கிட்டிருந்தீங்க. எழுத ஏதாவது வேணுமேன்னு கழட்டினேன்.”

துரைக்கு ஒரு துண்டு போயிற்று. பொத்தான் டப்பாவை இப்போது அவள் மறைக்கக்கூட இல்லை.

“என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே.”

“ஏழு தடவை சொன்னேன். ஏழு தடவையும் நீங்க பதில் பேசினீங்க. ஒவ்வொண்ணும் இருபது நிமிஷம்.” அவள் குரலில் கோபமில்லை, அசதிதான் இருந்தது. “ரெண்டு அங்குலம்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணு அப்புறம் வரல. அவ தங்கச்சியும் வரல. அந்த ஆசிரியர் துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாரு. இருபது வருஷமா ஒவ்வொருத்தரா சேர்த்த கூட்டங்க இது. உங்களை அதட்டவும் மனசு வரல, இழுக்கவும் மனசு வரல. என்ன பண்றது?”

இதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருபது நிமிடத்துக்கு விஷயம் இருந்தது. அப்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள், அந்த இரண்டு அங்குலப் பெண். நாற்காலியில் துரை இருப்பதைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது.

“உள்ள வரலாமா அக்கா?”

“வாம்மா, வா. அளவு எடுத்துடலாம்” என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, அவள் கையில் வைத்தேன்.

கையெழுத்திட்ட வாக்கை மீறும் பழக்கம் எனக்கில்லை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. சுவர் தெரிந்தது. பெட்டிகளை யாரோ முன்கூட்டியே ஒரு மூலையாக ஒதுக்கி இடம் செய்திருந்தார்கள். அந்த இடத்தில், துரைக்காக நான் வாங்கி அலமாரியின்மேல் போட்டிருந்த விரிப்பு, சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டிருந்தது.