பெரட்டு ஐயாவும் ஏழு மஞ்சள் கட்டங்களும்

கமரா வாங்கியவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கலாம். கமராவோடு வரும் கையேட்டை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை, உத்தரவாதப் பத்திரத்தின் பொடி எழுத்து உட்பட, படித்து முடித்த பிறகுதான் முதல் படம் எடுப்பேன் என்று நின்ற மனிதர் ஒருவர்தான். அவர் இலங்கை மலைநாட்டில், பதுளையில், என் எதிர்வீட்டில் இருந்தார். வேண்டுமானால் சத்தியக் கடதாசியில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன்.

தெருவுக்கு அவர் 'பெரட்டு ஐயா'. நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காலையில் வேலையாட்களை நிற்க வைத்து, பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். ஓய்வுபெற்றுப் பட்டணத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவார். கோயிலில் பொங்கல் வாங்க நிற்பவர்களை எண்ணி, "ரெண்டு பேரு ரெண்டாவது தடவை நிக்கிறாங்க" என்று ஐயரிடம் சொல்வார். நான் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றபோது வைத்த விருந்தில், என் காதருகே குனிந்தார்.

"ஐயா, பதினெட்டுப் பேருன்னு சொன்னீங்க. பத்தொன்பது தலை இருக்கு."

விசாரித்தோம். பத்தொன்பதாவது தலை, அடுத்த மண்டபத்துக் கல்யாணத்துக்கு வந்து வழிதவறிய ஒரு கனவான். இரண்டாவது தட்டுச் சாப்பாட்டில் இருந்தார்.

அவர் கமரா வாங்கிய காலத்தில் கைபேசிகளும் படம் எடுத்தன. ஆனால் எடுத்த படத்தில் இருப்பது அத்தையா அலுமாரியா என்று பந்தயம் கட்டலாம். பெரட்டு ஐயா கடைத்தெருவுக்குப் போய், சட்டைப் பையில் அடங்கும் வெள்ளிநிற டிஜிட்டல் கமரா ஒன்றை வாங்கினார். கடைக்காரர், "ஒண்ணும் யோசிக்காதீங்க ஐயா, இதை அமுக்கினா படம் விழும்" என்றாராம்.

"அமுக்குறதுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யத் தேவையில்லீங்க."

"ஒண்ணும் செய்யாம எந்த வேலையும் நடக்காது தம்பி" என்று சொல்லிவிட்டு, கையேடு பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பக்கங்களையும் எண்ணிவிட்டுத்தான் கடையைவிட்டு இறங்கினார். நூற்று நாற்பத்துநான்கு.

கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. ஆகவே தினமும் மாலை ஐந்து மணிக்கு என் விறாந்தையில் வகுப்பு. நான் வாசிப்பேன், அவர் ஒரு நீளமான கொப்பியில் எழுதிக்கொள்வார். சுற்றறிக்கைகளை வாசித்தே வயதான எனக்கு இது சொர்க்கம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள்தான் அவர் என்னையே மிஞ்சியவர் என்று தெரிந்தது. பதினேழாம் பக்கம் திகதியும் நேரமும் சரிசெய்வது பற்றியது. உலகத்தில் யாருமே செய்யாத வேலை. பெரட்டு ஐயா அதற்காக ஒரு நாள் ஒதுக்கினார். வானொலியைப் பக்கத்தில் வைத்து, செய்திக்கு முந்திய மணியோசைக்காகக் காத்திருந்து, கடைசி ஓசையோடு பொத்தானை அழுத்தினார். அரை விநாடி பிந்திவிட்டது என்று சொல்லி அடுத்த செய்திக்கும் காத்திருந்தார்.

முதற்பாவனைக்கு முன் பெட்டரியை முழுமையாக ஏற்ற வேண்டும் என்று கையேடு சொன்னது. ஏற்றினார். முதற்பாவனை வருவதற்குள் பெட்டரி இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றினார். கொப்பியின்படி முதல் படத்துக்கு முன்னரே ஏழு தடவை ஏற்றப்பட்ட பெட்டரி அது.

பிறகு அறுபத்துமூன்றாம் பக்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு செட்டிங் என்ற அத்தியாயம் வந்தது. கடற்கரைக்கு ஒன்று, வாணவேடிக்கைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, ஐஸ் கொட்டும் நாடுகளுக்கு ஸ்னோ என்று ஒன்று. ஐஸ் பரவிய இடத்தில் எங்கும் வெள்ளையாக இருப்பதால், வெளிச்சம் அதிகம் என்று கமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடுமாம். அதைத் திருத்தவே இந்த ஸ்னோ.

"பதுளைக்குப் பொருந்தாது என்று எழுதி வெட்டிவிடுங்கள்" என்றேன். முப்பத்தெட்டு வருடம் படிவங்களில் நான் அதிகம் எழுதிய சொல் அது.

"அப்படி வெட்டக்கூடாதுங்க ஐயா. ஒருத்தன் வேலைக்கு வராம இருக்கலாம். பேர்ப் பட்டியல்ல இருந்தா கூப்பிட்டே ஆகணும்."

கையேடு முடிந்த பிறகு சோதனைகள் தொடங்கின. சாப்பாட்டு செட்டிங்கைப் பரிசோதிக்க அவர் மனைவி சரோஜா சுட்ட ரொட்டியைப் பதினோரு படம் எடுத்தார். சரோஜா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கல்யாணம் முடிச்சு நாப்பது வருசம். என்னைய ஒரு படம் எடுக்கல. ரொட்டிய இந்தப் பக்கம் திருப்பி அந்தப் பக்கம் திருப்பி எடுக்கிறாரு."

"இரு புள்ள. உனக்கு எந்த செட்டிங்னு இன்னும் முடிவாகல."

அன்று இரவு அவருக்கு அந்த ரொட்டிதான் சாப்பாடு, சம்பல் இல்லாமல்.

எழுபத்தொன்றாம் பக்கத்தில்தான் அவர் வாழ்க்கையின் வெளிச்சம் இருந்தது. கமரா மனித முகத்தைத் தானே கண்டுபிடித்து, திரையில் அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போடும். பெரட்டு ஐயா என் முகத்துக்கு நேரே பிடித்தார். கட்டம் விழுந்தது. கதிரையைவிட்டு எழுந்தேவிட்டார்.

"ஐயா! இது பெரட்டு எடுக்குதுங்க!"

மறுநாள் தெருவே வரிசையில் நின்றது. ஆறு பேருக்கு ஐந்து கட்டம். தையற்காரர் கொட்டாவி விட்டதால் அவருக்கு விழவில்லை. "நீ ஆப்சென்ட்" என்றார் பெரட்டு ஐயா. "இங்கதானே நிக்கிறேன்!" என்று தையற்காரர் கத்தினார். "கட்டம் இல்லாட்டி ஆளில்ல." கொட்டாவி முடிந்ததும் தையற்காரருக்கும் கட்டம் விழுந்தது. ஆனால் திரையில் ஏழு. தேடினோம். பலசரக்குக் கடைக் கலண்டரில் சிரித்த குழந்தைக்கு ஒன்று விழுந்திருந்தது. "பேர் பதியாத ஆளு" என்று சொல்லி, கலண்டரைத் திருப்பி வைக்கச் செய்தார். எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை கட்டம் விழாமல் படம் எடுக்கமாட்டார். தெரு அவரைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு நேராக நிற்கப் பழகியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லெட்சுமி வந்தாள். பெரட்டு ஐயாவின் பழைய தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். மண்சரிவில் அவர்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீட்டின், அதாவது லயத்தின், பின்சுவர் பிளந்திருந்தது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் வேறிடத்தில் புதுவீடு கட்டிக் கொடுத்தது. விண்ணப்பத்தோடு ஒரு படம் வைக்க வேண்டும். குடும்பத்தினர் எல்லாரும், இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு முன்னால், எல்லா முகமும் தெளிவாக, படத்திலேயே திகதியோடு. லெட்சுமி ஒரு படப்பிடிப்பாளரைக் கூட்டிப்போய் எடுத்த படம் திரும்பி வந்துவிட்டது. படத்தில் ஏழு பேருக்கு ஆறு முகம்தான் தெரிந்தது. திகதியோ, நான்கு வருடத்துக்கு முந்திய ஜனவரி முதலாம் நாள். பதினேழாம் பக்கத்தை வாசிக்காத கமரா. படம் எடுத்தவரும் வெலிமடைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம்.

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள குடுக்காட்டி அடுத்த லிஸ்ட்டுலதான்னு சொல்லிட்டாங்க ஐயா. மழை பேஞ்சா பின்சுவத்துல கை போகுதுங்க. புள்ளைங்கள முன்பக்கமா படுக்க வச்சிட்டு நாங்க ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

அடுத்த லிஸ்ட் என்பதன் பொருள் எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் எத்தனையோ பேரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். படத்தில் திகதி வேண்டும் என்பது போன்ற விதிகளை என் கையாலேயே தட்டச்சும் செய்திருக்கிறேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரட்டு ஐயா கொப்பியை எடுத்துக்கொண்டார்.

நமுனுகுல பஸ்ஸைவிட்டு இறங்கியபோது எதிரில் மலையைக் காணவில்லை. முகில் லயத்து வாசல்வரை இறங்கிவிட்டிருந்தது. லெட்சுமி, அவள் புருசன் ராசு, மூன்று பிள்ளைகள், கைக்குழந்தை, மாமியார் கருப்பாயி என்று ஏழு பேரும் பிளந்த சுவர் தெரியும் பக்கமாக நின்றார்கள். வெளிச்சம் பார்க்க எடுத்த முதல் படத்தில் பிளாஷ் தானாக வெட்டியது. படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கொப்பியைப் புரட்டி பிளாஷை நிறுத்தினார். இரண்டாவது படத்தில் ஏழு பேரும் கரித்துண்டுகள்.

"முகில் போகட்டும், காத்திருப்போம்" என்றேன்.

"பன்னெண்டரை பஸ்ஸ விட்டா நாலு மணிக்குப் போக முடியாதுங்க." அவர் விரல் கொப்பியில் ஓரிடத்தில் நின்றது. "ஐயா, எங்கும் வெள்ளையா இருந்தா கமரா ஏமாந்திரும்னு வாசிச்சீங்களே?"

ஸ்னோவைப் போட்டார். திரையில் முகங்கள் கழுவி வைத்ததுபோல வந்தன. 'பொருந்தாது' என்று நான் வெட்டச் சொன்ன செட்டிங். நான் முகிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டங்களை எண்ணினார். ஐந்து. குழந்தை தாயின் தோளில் முகம் புதைத்திருந்தது. கருப்பாயியோ முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, கொஞ்சம் நிமிந்து பாருங்க" என்றாள் லெட்சுமி.

"எனக்கு எதுக்குடி படம்? நீங்க நில்லுங்க போதும்."

"நீங்க இல்லாட்டி வீடே இல்லயாம் மாமி!"

நிமிர்ந்தாள். கமராவைக் கண்டதும் மறுபடி குனிந்தாள். புருசன் கெஞ்சினான், பிள்ளைகள் கெஞ்சினார்கள், நானும் விதியை விளக்கினேன். விதியைக் கேட்டதும் முக்காடு இன்னும் ஒரு அங்குலம் இறங்கியது. மணி பன்னிரண்டே கால்.

பெரட்டு ஐயா கமராவை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பிறகு ஒரு குரல் வந்தது. எங்கள் தெருவில் நான் ஒருநாளும் கேட்டிராத குரல். முகிலைக் கிழித்துக்கொண்டு எதிர்மலை வரை போயிருக்கும்.

"லெட்சுமி!"

"வந்திருக்கேங்க!"

"ராசு!"

"வந்திருக்கேங்க!"

பிள்ளைகளின் பெயர்களும் வரிசையாக வந்தன. சத்தத்தில் திடுக்கிட்டுக் குழந்தை திரும்பியது. கட்டம் ஆறு.

"கருப்பாயி!"

எத்தனையோ காலைகளில் பெரட்டில் அவள் கேட்ட குரல் அது. யோசிக்க அவளுக்கு அவகாசமே இல்லை. முக்காடு பின்னால் சரிந்தது, தலை நிமிர்ந்தது.

"வந்திருக்கேங்க ஐயா!"

ஏழு கட்டம். படம் விழுந்தது.

பன்னிரண்டரை பஸ் எங்களுக்காகவே ஐந்து நிமிடம் பிந்தி வந்தது. பதுளையில் படத்தை அச்சிட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனபோது மூன்றே முக்கால். அங்கிருந்த இளைஞர் முகங்களை எண்ணினார். ஏழு. திகதியைப் பார்த்தார். அன்றைய திகதி. சுவர் வெடிப்பைப் பார்த்தார். குற்றம் காண எதுவும் கிடைக்காத ஓர் உத்தியோகத்தரின் முகத்தில் தோன்றும் அந்தச் சோகம் எனக்கு நன்றாகத் தெரியும். முத்திரை விழுந்தது. லெட்சுமி அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். "படம் நல்லா இருக்கு" என்றார் இளைஞர். "ஸ்னோ" என்றார் பெரட்டு ஐயா சுருக்கமாக. இளைஞருக்குப் புரியவில்லை. அவர் இன்னும் அறுபத்துமூன்றாம் பக்கத்துக்கு வரவில்லை.

புதுவீட்டுப் பால் காய்ச்சலுக்கு நாங்களும் போனோம். வாசலில் எல்லாரும் கூடி நின்றபோது, "எத்தனை படம் எடுத்தாலும் ஒண்ணுலயும் நீங்க ஆப்சென்ட்" என்று சரோஜா அவர் கையிலிருந்து கமராவைப் பிடுங்கி என்னிடம் தந்தார். பெரட்டு ஐயா மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் காலைப் பார்த்தார். ஒன்பது பேர், எட்டுக் கட்டம். முப்பத்தைந்து வருடம் ஊரார் பெயரெல்லாம் கூப்பிட்டவர். அவர் பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உத்தரவாதப் பத்திரத்தில் அதை எழுதிக் கொடுத்தவன் என்பதால் எனக்கு மட்டும் தெரியும். சத்தமாகக் கூப்பிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். "வந்திருக்கேங்க!"

ஒன்பதாவது கட்டமும் விழுந்தது, அழுத்தினேன். அந்தப் படம் இன்றும் என் மேசையில் இருக்கிறது, சற்று ஆடிப்போய். கை நடுக்கத்தைத் திருத்தும் செட்டிங் போட்டுத்தான் இருந்தது. கையேட்டை எடுத்துப் பார்த்தேன். அது கைக்கு மட்டும்தானாம்.