வாய்க்குள் ஒளித்த சுருட்டு

அறிவுரை சொல்கிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தைந்து வயதில் நானே அப்படியொரு ஆளாக இருந்தவன், அதுவும் பித்தலாட்டக்காரனாக.

எழுபதுகளின் கடைசி. எங்கள் மீனவ ஊரான தோணிரேவில் பாதி ஆண்கள் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக் கவ்விக்கொண்டுதான் ஏரிக்குப் போவார்கள். காற்றுக்கும் தண்ணீருக்கும் அணையாது, இரண்டு கையும் வலைக்கு இருக்கும். மேலண்ணம் என்ன ஆகும் என்று ஒரு முட்டாளும் யோசிக்கவில்லை. (முட்டாள்களில் நான் முதல் வரிசை.)

என் நைனாவுக்கு அண்ணத்தில் வெள்ளையாகப் படை விழுந்தது. மீன் குழம்பை வாயில் வைத்தாலே கண்ணில் தண்ணீர். "சூடு" என்று மோர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் ஒருவர் இப்படி ஆரம்பித்துத்தான் வாய்ப்புற்றில் செத்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் வாய் பார்க்க வந்ததும் நைனாவை இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் பிரசங்கம்.

"நான் சுருட்ட வுட்டு ஆறு மாசம் ஆவுது. உனக்கு இன்னா கேடு நைனா?"

பச்சைப் பொய். வரிசையில் நிற்கும்போதே நைசாகச் சுவருக்குப் பின்னால் போய் ஒரு துண்டைப் பற்றவைத்தேன். அந்த நேரம் பார்த்தா கூப்பிட வேண்டும்! மழை வந்தால் படகில் செய்வதுபோல், துண்டை நாக்கால் முழுதாக உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பெஞ்சில் நைனா உதட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். "தொறக்க மாட்டேன். கத்திரி வச்சினுகிறாங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "பையன்தானே? முதல்ல நீங்க வாயைத் திறந்து காட்டுங்க. பெரியவருக்குப் பயம் போகும்."

"ம்ஹும்" என்றேன். நாக்கு வெந்துகொண்டிருந்தது.

"அட, திறங்க!"

திறந்தேன். செங்கல் சூளை மாதிரி புகை கிளம்பியது. துண்டு அவர் நோட்டில் விழுந்து அதையும் பொசுக்கியது.

"ஆறு மாசப் பொகையும் உள்ளயே இருந்துச்சாடா!" என்று நைனா சிரித்தார் பாருங்கள், தொண்டைக்குழி தெரிய! டாக்டரம்மா சட்டென்று டார்ச் அடித்துவிட்டார். அத்தோடு சிரிப்பு நின்றது.

"பெரியவரே, அந்த எடத்துல துளி சதை எடுத்துச் சோதிக்கணும், சென்னைக்கு வாங்க. சுருட்டை இன்னைக்கே விடணும். இல்லேன்னா இது புற்றுநோய்ல கொண்டுபோய் விடும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அதே படை உங்களுக்கும் ஆரம்பிச்சிருக்கு, பிரசங்கியாரே."

சோதனையில் நைனாவுக்கு அது இன்னும் புற்றாகவில்லை என்று வந்தது. இருவரும் நிஜமாகவே விட்டோம். படை மெல்ல மங்கியது. நைனா அதன்பின் பல வருடம் காரமாக மீன் குழம்பு சாப்பிட்டார். எனக்கு ஒரு நன்றி உண்டா? "எம்புள்ள சொன்ன பொய்தான் என்னக் காப்பாத்துச்சி" என்று ஏரிக்கரை முழுக்கச் சொல்லித்தான் போய்ச் சேர்ந்தார்.

இன்று என் மருமகன் புகையிலைப் பொட்டலத்தைக் கன்னத்தில் அதக்குகிறான். திட்டப்போனால் என் பெண்டாட்டி குறுக்கே வந்து நிற்கிறாள்: "மொதல்ல நீ வாயத் தொற. பொகை வருதான்னு பாத்துக்கறோம்."

எழுபது வயதில், ஊரே பார்க்க வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் திட்டுகிறேன். ஆனால் திட்டாமல் விடுவதில்லை.