மூன்று சதவீத மனிதர்

எல்லோரும் நூறு அடி ஓடும் நேரத்தில் ஒருவன் நூற்று மூன்று அடி ஓடினால், மிச்சமுள்ள அந்த மூன்று அடியை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? இந்தக் கேள்வி எழுந்தபோது எங்கள் தெருவில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஓடுகிறவனுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

வாசகரே, இன்று நான் காட்டப்போகும் பிறவியின் பெயர் மூன்று சதவீத மனிதர். எல்லா ஊரிலும் இருப்பார். ஆனாலும் நன்றாகத் தழைத்து வளர்வது நைஜீரியாவில், எங்கள் லாகோஸில், இக்கேஜா கம்ப்யூட்டர் சந்தையில்தான். குடைக்கு அடியில் போன் விற்பவர்களுக்கும், தலையில் தண்ணீர்ப் பாக்கெட் சுமந்து போகிறவர்களுக்கும் நடுவே, ஒரு கடையின் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, இரண்டு அட்டைப் பெட்டிகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டிலும் இருப்பது ஒரே கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டர் திரையில் படங்களை ஓட வைக்கும் பாகம். ஒன்று சாதாரணம். மற்றது ஓவர்கிளாக், அதாவது கம்பெனிக்காரர்களே வேகத்தைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு, கூடுதலாக ஒரு விசிறி மாட்டி, பெட்டியின் மேல் இரும்புக் கழுகு ஒன்றை வரைந்து விற்பது. எவ்வளவு முடுக்கம்? மூன்று சதவீதம். மீதியெல்லாம் கழுகு.

இவரை அடையாளம் காண்பது சுலபம். மினிபஸ்ஸில் ஓட்டுநர் பக்கத்துச் சீட்டுக்குத்தான் அடித்துப் பிடித்து ஏறுவார்; பின்சீட்டுக்காரர்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டுமல்லவா? மிளகு சூப்பில் இன்னும் கொஞ்சம் காரம் கேட்டு வாங்கி, கண்ணீர் விட்டுக்கொண்டே குடித்து, "காரமே இல்லப்பா" என்பார். இரண்டு கார்டுகளையும் அருகருகே ஓட்டிக் காட்டும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வலது பக்கத்துப் புல் கொஞ்சம் கூடுதல் பச்சை என்று சத்தியம் செய்வார். எது வாங்கினாலும் அவர் வாயில் ஒரே மந்திரம்தான்: "இன்னைக்கு வேணாம்தான். நாளைக்கு வேணும்ல?"

எங்கள் தெருவின் மூன்று சதவீத மனிதர் டெமோலா. வயது இருபத்திரண்டு. கார்ட்டூன் படம் செய்வதில் கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுடைய அக்கா யெமிசிக்குச் சனிக்கிழமை கல்யாணம். மஞ்சள் மினிபஸ் ஓட்டிய அப்பா இப்போது இல்லை. அதனால் டெமோலா அக்காவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். மண்டபத்தின் பெரிய திரையில் அந்த மஞ்சள் பஸ் வந்து நிற்கும். அப்பா இறங்கி, தொப்பியைச் சரிசெய்து, அவருக்கே உரிய அந்தச் சாய்ந்த நடையில் வந்து, மகள் தலையில் கை வைப்பார். யெமிசி இதைச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். படம் பாதியில் இருக்கும்போது டெமோலாவின் பழைய கார்டு கருகிப்போனது.

யெமிசி திட்டவில்லை. "சனிக்கிழமைக்குள்ள அப்பா வந்துருவாராடா?" என்று மட்டும் கேட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அன்றே ஒரு கார்டை வாங்கி வந்து மாட்டியிருப்பார். டெமோலா ஆராய்ச்சியில் இறங்கினான். தினமும் மடாம் உஜுவின் கடைக்குப் போனான், கண்ணாடியில் மூக்கை வைத்தான், திரும்பி வந்தான். மடாம் உஜு பொறுமைசாலி. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எல்லோரும் அவளுக்குக் கஸ்டமர்தான். "கஸ்டமர், ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. இது டீ குடிச்சிட்டு வந்திருக்கு, அது குடிக்காம வந்திருக்கு. அவ்ளோதான்" என்றாள். டெமோலா அந்த டீயைப் பற்றி மேலும் இரண்டு நாள் யோசித்தான்.

அவனுடைய கூட்டாளி ஒசாஸ் அதே கடையில் சாதாரணக் கார்டை வாங்கி எத்தனையோ மாதங்கள் ஆகிவிட்டன. "என் மெஷின்ல வந்து பண்ணிக்கடா, எதுக்கு இந்தப் பாடு?" என்று அவன் கூப்பிட்டதற்கு டெமோலா சொன்ன பதிலை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை.

"சாதாரணக் கார்டுலயா? எங்கப்பாவையா?"

கடைசியில் வியாழக்கிழமை கழுகு வீட்டுக்கு வந்தது. டெமோலா அதை மாட்டினான். விசிறிகள் சுழன்றன. திரையில் மஞ்சள் பஸ் கிளம்பியது. கரண்ட் போனது.

இதில் என்ன அதிசயம்? லாகோஸில் கரண்ட் என்பது எப்போதாவது வந்து தலைகாட்டும் விருந்தாளி. அதற்காகத்தான் எங்கள் வீடுகளில் ஒரு குட்டி பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. கையில் தூக்கிப் போகலாம், அவ்வளவு சிறிது. இருட்டில் உட்கார்ந்திருக்கும் அடுத்த வீட்டைப் பார்த்துப் பெருமைப்பட மட்டும் போதுமான சக்தி என்பதால், ஊரே அதற்கு 'பக்கத்து வீட்டுக்காரனுக்கு நான் மேல்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறது. டெமோலா அதன் கயிற்றை இழுத்தான். அது இருமிக்கொண்டு எழுந்தது. அவன் படத்தை ஓடவிட்டான். ஜெனரேட்டர் இன்னொரு முறை இருமி, படுத்துவிட்டது.

பார்த்தீர்களா? புல்லின் பச்சை வரை ஆராய்ந்தவன், கார்டின் வேகம், வெப்பம், விசிறியின் சத்தம் எல்லாவற்றையும் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியவன், அதற்குத் தீனி போடப்போவது யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

விளக்கை அணைத்தான். ஜெனரேட்டர் படுத்தது. மின்விசிறியை நிறுத்தினான். படுத்தது. பிரிட்ஜின் வயரில் கை வைத்தபோது, உள்ளே கல்யாண மீனை அடுக்கி வைத்திருந்த அம்மா வாசலில் வந்து நின்றாள். "மீன் கெட்டுச்சுன்னா, பந்தியில உன் கார்டைத்தான் பொரிச்சுப் போடுவேன்" என்றாள். அப்படியும் அவளே வந்து வயரைப் பிடுங்கினாள். அவளுக்கும் அந்த பஸ் வர வேண்டும். அதற்கும் ஜெனரேட்டர் மசியவில்லை.

கழுகைப் பார்க்க வந்திருந்த ஒசாஸ் மெதுவாக ஆரம்பித்தான். "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. வேகத்தைக் கொஞ்சம் இறக்கு. மவுஸால இழுத்தாப் போதும்."

மொட்டையடித்துக்கொள்ளச் சொன்னதுபோல் டெமோலாவின் முகம் போனது. கதவுக்குப் பக்கத்தில் யெமிசி நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு, சொந்தப் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறவனைப்போல், ஒவ்வொரு சதவீதமாக இறக்கினான். முதலில் அந்த மூன்று போனது. ஜெனரேட்டர் படுத்தது. இப்போது கழுகும் சாதாரணக் கார்டுதான். கயிறு, இருமல், மறுபடியும் படுக்கை. இன்னும் இறக்கினான். சாதாரணத்துக்கும் கீழே, ஒசாஸின் கார்டு திரும்பிப் பார்த்துக் கையசைக்கும் தூரத்துக்குப் பின்னால் போனபோதுதான், ஜெனரேட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு சீராக ஓட ஆரம்பித்தது. ஒசாஸ் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க ஒரு தலையணையைக் கடிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மண்டபத்தில், எங்கள் ஊர் வழக்கப்படி ஒரே துணியில் தைத்துப் போட்டிருந்த சொந்தமெல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தது. மஞ்சள் பஸ் வந்தது. அப்பா இறங்கினார், தொப்பியைத் தொட்டார், சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். யெமிசி தன்னை அறியாமல் தலையைக் குனிந்துகொடுத்தாள். மேளக்காரர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள். அம்மா, "வந்துட்டார்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

அந்த அமைதியில் டெமோலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த மாமாவின் காதருகே குனிந்தான்.

"ஓவர்கிளாக் கார்டு மாமா."

இது அவனுடைய கதை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு மிக்ஸியில் ஒரு நாளும் திருப்பாத கடைசி வேகம் ஒன்று இருக்கிறதா? இருந்தும் அந்த வேகத்துக்காகத்தானே அதை வாங்கினீர்கள்? சரி, விடுங்கள். ஒரே ஓர் உதவி செய்யுங்கள். இந்தக் கதையை, இந்த இனம் என்று உங்களுக்குத் தோன்றும் ஒருவரிடம் சொல்லுங்கள். உடனே பக்கத்து வீட்டுக்காரரின் முகம் வந்ததல்லவா? அவரை விட நாம் எவ்வளவோ மேல் என்றும் தோன்றியதல்லவா? எங்கள் ஊரில் அந்தப் பெயரில் ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னேனே, ஞாபகமிருக்கிறதா?