சார்ஜ் ஏறும் நேரம்

தெருச் சரிவு தொடங்கும் இடத்திலேயே இஞ்சினை அணைத்துவிட்டால் வண்டி சத்தமில்லாமல் உருண்டு சார்ஜிங் நிலையத்துக்குள் போய் நின்றுவிடும் என்று ஜீப்காரர் கணக்குப் போட்டிருந்தார். இஞ்சினோடு பிரேக்கும் பாதி செத்துவிடும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு கால்களாலும் பிரேக்கை மிதித்தார். ஸ்டியரிங் பாறையைப் போல இறுகிக்கொண்டது. பல் டாக்டரின் சின்ன மின்சாரக் காருக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தப் பெரிய டீசல் வண்டி ஒருவழியாக நின்றது.

பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சத்தமே இல்லையேண்ணே. என் வண்டி கூட 'ஙீ'ன்னு ஒரு சத்தம் போடும்."

"நல்ல மோட்டார்" என்றார் ஜீப்காரர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒரு காலத்தில் ஞாயிறு காலைகளில் பெட்ரோல் பங்க் வாசலில் எட்டுப் பெரிய வண்டிகள் வரிசையாக நிற்கும். எட்டுப் பேரும் காபி குடித்துக்கொண்டே டயரிலிருந்து கிளட்ச் வரை பேசுவார்கள். மின்சார வண்டி என்று யாராவது வாயெடுத்தால் ஜீப்காரர்தான் முதலில் சண்டைக்குப் போவார். "வண்டின்னா உயிர் இருக்கறது தெரியணும். அது என்ன, பொணம் போற மாதிரி சத்தமில்லாம போறது?" பிறகு ஒவ்வொருவராக மின்சாரத்துக்கு மாறினார்கள். இருவர் ஊர் மாறினார்கள். ஒருவர் கார் ஓட்டுவதையே விட்டுவிட்டார். கடைசியில் பங்க் வாசலில் ஜீப்காரர் மட்டும் நின்றார். டீசல் போட மூன்று நிமிடம் ஆனது. போட்டு முடிந்ததும் பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

அவருக்கு வேலை, லிஃப்ட் கம்பெனியின் அவசர எண்ணில். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு இவருக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும் வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். என்ன ஊர், எத்தனை பிள்ளைகள், மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். பயத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள். பாதிப் பேச்சில் கதவு திறக்கும். போன் வைக்கப்படும். அந்தப் பெரியவரின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் ஆனதா, அந்தப் பெண் பரீட்சையில் தேறினாளா என்பதெல்லாம் அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

வீட்டிலும் பேச ஆள் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது உதவிக்குப் போன மனைவி, குழந்தை தவழும் வரை இருக்கிறேன் என்றாள். பிறகு நடக்கும் வரை என்றாள். இப்போது பள்ளிக்கூடம் சேர்க்கும் வரை என்கிறாள். பேரன் கல்லூரி முடித்ததும் வருவாள் என்று ஜீப்காரர் ஒரு நாள் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். சிரிக்க ஆள் இல்லை.

சார்ஜிங் நிலையத்துக்கு அவர் வந்ததே தற்செயல்தான். மூடிப்போன ஒரு மரச்சாமான் கடையின் பின்புறம், சரிவின் அடியில், மூன்று மெஷின்கள். அவற்றில் இரண்டின் எதிரே இரண்டு கார்கள். நடுவில் நாற்காலி போட்டு இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒரு அம்மாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பார். ஜீப்காரர் வண்டியைச் சரிவின் மேலேயே ஓரமாக நிறுத்திவிட்டு, இவர்களைக் கொஞ்சம் சீண்டிவிட்டுப் போகலாம் என்றுதான் இறங்கினார்.

"மூணாவது மெஷின் காலியாத்தான் இருக்கு, வாங்க சார்" என்றார் அம்மாள். மேலே நின்ற வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு பழைய வண்டிய கரண்ட்டுக்கு மாத்திட்டீங்களா? பெரிய விஷயம் சார். உக்காருங்க."

உக்காருங்க என்று அவரிடம் யாரும் சொல்லி வெகுநாளாகியிருந்தது.

"ஆமா, மாத்திட்டேன்" என்றார் ஜீப்காரர். உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள், பழைய இரும்புக் கடையில் உடைந்த சார்ஜிங் சாக்கெட் ஒன்றை வாங்கி வண்டியின் பக்கவாட்டில் பொருத்தினார். அதன் பின்னால் ஒரு கம்பிகூடக் கிடையாது. மெஷினின் குழாய் மாதிரித் தடித்த ஒயரை எடுத்துச் செருகினார். மெஷினின் திரை இருட்டாகவே இருந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தொப்பியைக் கழற்றி அதன் மேல் மாட்டினார். நல்லவேளையாக அங்கே யாரும் அடுத்தவர் திரையை எட்டிப் பார்ப்பதில்லை. அம்மாள் தன் மெஷினில் கைப்பையை மாட்டியிருந்தார். டாக்டர் வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று துண்டு போட்டு மூடியிருந்தார்.

பேச்சு ஓடியது. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஏதாவதொன்று இடித்தது.

"டீசல் நாத்தம் வருதே" என்றார் அம்மாள் ஒருநாள்.

அடுத்த வாரம் வண்டிக்குள் மூன்று வாசனைப் புட்டிகள் தொங்கின. டாக்டர் நாலுமுறை தும்மினார்.

"இதென்னண்ணே, அடியில ஆயில் சொட்டுது?"

"ஏசி தண்ணி."

"கறுப்பா இருக்கே?"

"ரோடெல்லாம் தூசு டாக்டர்."

டாக்டர் தலையாட்டினார். ஆனால் மறுபடியும் வாயைத் திறந்தார். மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைப்பவர், தன் வாயை மூடத் தெரியாதவர். "யாருண்ணே மாத்திக் குடுத்தது? என் மச்சான்கிட்டயும் இதே மாதிரி ஒரு வண்டி இருக்கு. நம்பர் குடுங்களேன்."

"அவர் வெளிநாடு போயிட்டார்."

ஒரு வாரம் நிம்மதியாகப் போனது.

"எந்த நாடுண்ணே? மச்சானுக்கு எல்லா நாட்டுலயும் ஆள் இருக்கு. பேசிடலாம்கறான்."

ஜீப்காரர் ஆகாயத்தைப் பார்த்தார். அங்கிருந்து உதவி எதுவும் வரவில்லை.

"தவறிட்டார்" என்றார்.

"அடப்பாவமே, என்ன வயசு?" என்றார் அம்மாள்.

"நாப்பது. இல்ல, அறுபது."

"நாப்பதா அறுபதா?"

"அறுபது. பாத்தா நாப்பது மாதிரி இருப்பார்."

"நல்ல வேலைக்காரன் சார். உங்க வண்டியப் பாத்தாலே தெரியுது. எல்லாரும் எந்திரிங்க, ஒரு நிமிஷம் நிப்போம்."

மூவரும் எழுந்து நின்றார்கள். வாசலில் குடைக்கடியில் உட்கார்ந்திருந்த காவலாளியும், என்ன ஏது என்று கேட்காமல் எழுந்து தொப்பியைக் கழற்றினார். பிறக்கவே பிறக்காத ஒரு மெக்கானிக்குக்காக நான்கு பேர் தலைகுனிந்து நின்றார்கள். அந்த அமைதியில் ஓர் இலை விழுந்த சத்தம்கூடக் கேட்டது. மூன்று மெஷின்களிலிருந்து சின்ன முணுமுணுப்பும் இல்லை. இந்தக் கரண்ட் வண்டிக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள், எவ்வளவு அமைதி என்று ஜீப்காரர் நினைத்துக்கொண்டார். ஏனோ கண் கலங்கியது. அது யாருக்காக என்று அவருக்கே விளங்கவில்லை. அம்மாள் அவர் தோளைத் தட்டினார்.

கிளம்புவது வருவதைவிடக் கடினமாக இருந்தது. சாவியைத் திருப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் மற்ற இருவரும் போன பிறகுதான் அவர் போக முடியும். அவர்களோ போவதாகத் தெரியவில்லை.

"உங்களுக்கு இன்னும் ஏறலையா?" என்பார் அம்மாள்.

"பழைய வண்டி. மெதுவாத்தான் ஏறும். உங்களுக்கு?"

"எனக்கும் கொஞ்சம் இருக்கு."

"எனக்கும்" என்பார் டாக்டர்.

வெயில் சுவரை விட்டு இறங்கும் வரை மூவரும் உட்கார்ந்திருப்பார்கள். சிலசமயம் பேச்சு தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த நேரம்தான் ஜீப்காரருக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. அவ்வப்போது ஏதாவது ஒரு கார் வாசலில் வந்து நிற்கும். காவலாளி குனிந்து ஏதோ சொல்வார். கார் திரும்பிப் போய்விடும். உண்மையாகவே சார்ஜ் தேவைப்படும் ஒருவனுடைய இடத்தைத் தன் போலி சாக்கெட் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றும். அப்போதெல்லாம் காவலாளியின் முகத்தைப் பார்க்காமல் ஷூவைப் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கணவனும் மனைவியும் நடந்து வந்தார்கள். கார் வாங்கப்போகிறார்களாம்.

"இவருக்குப் பெரிய டீசல் வண்டிதான் வேணுமாம். நான் கரண்ட் வண்டிங்கறேன். வீட்ல பத்து நாளா இதே பஞ்சாயத்து" என்றாள் மனைவி.

"அண்ணனக் கேளுங்க. ரெண்டையும் ஓட்டிப் பாத்தவர்" என்று டாக்டர் கைகாட்டிவிட்டார்.

கணவன் ஜீப்காரரிடம் திரும்பினான். "சார்ஜ் ஏற ஒரு மணி நேரம் ஆகுதாமே சார்? டீசல்னா மூணு நிமிஷம்."

இது ஜீப்காரரின் சொந்த வாதம். இதைப் பங்க் வாசலில் எத்தனையோ முறை பானட்டைத் தட்டிச் சொன்னவர் அவர். வாயைத் திறந்தார். வேறு எதுவோ வந்தது.

"மூணு நிமிஷத்துல யார்கிட்ட என்ன பேசிட முடியும் தம்பி?"

அவனுக்குப் புரியவில்லை. மனைவி மட்டும் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரும் அம்மாளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது.

இஞ்சினை அணைத்துச் சரிவில் உருண்டு வந்துகொண்டிருந்தபோது ஒரு நாய் குறுக்கே ஓடியது. இறுகிய ஸ்டியரிங்கை முழு பலத்தோடு திருப்பினார். நாய் பிழைத்தது. வண்டி வாசலுக்குக் குறுக்காக, மேட்டைப் பார்த்த மூக்கோடு நின்றுவிட்டது. ஒரு சைக்கிள்கூட வெளியே போக முடியாது.

"அங்கயே நிறுத்திட்டீங்க?" என்றார் டாக்டர்.

"இன்னிக்கு இங்க நிழல் நல்லா இருக்கு."

"குழாய் எட்டாதேண்ணே."

"இன்னிக்கு வேணாம். ஃபுல்லா இருக்கு." சொன்ன பிறகுதான் தவறு உறைத்தது. ஃபுல்லாக இருப்பவன் ஏன் வந்தான் என்று கேட்டால் என்ன சொல்வது? ஆனால் யாரும் கேட்கவில்லை. டாக்டர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

பாதிப் பேச்சில் அம்மாளின் போன் அடித்தது. பேசி முடித்தபோது அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"என் பையன். சாயங்கால ரயில்ல வர்றதா இருந்தான். முன்னாடி ரயிலயே பிடிச்சிட்டானாம். இன்னும் அரை மணி நேரத்துல ஸ்டேஷன்ல இருப்பான். அங்கிருந்து ஒரு மணி நேரத்துல அடுத்த ரயில். வீட்டுக்கெல்லாம் வரமாட்டான். பாத்து ஒன்றரை வருஷமாச்சு." குழாயைப் பிடுங்கி மாட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டார். "சார், வண்டிய கொஞ்சம் எடுங்க."

ஜீப்காரர் எழுந்திருக்கவில்லை. "டாக்ஸி கூப்பிடட்டுமா?"

"வண்டிய வச்சுக்கிட்டு எதுக்கு டாக்ஸி?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் போனில் பார்த்தார். "இருபத்தஞ்சு நிமிஷம் காட்டுது."

"அப்ப தள்ளிப் பாக்கலாம்" என்றார் ஜீப்காரர்.

"ஃபுல்லா இருக்கற வண்டிய எதுக்குண்ணே தள்ளணும்?"

"மோட்டார் சூடா இருக்கு. ஆறணும்."

டாக்டர் சட்டைக் கையை மடித்தார். காவலாளியும் வந்தார். ஜீப்காரர் ஸ்டியரிங் முன் உட்கார, இருவரும் பின்னாலிருந்து சரிவுக்கு எதிராகத் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. டாக்டரின் செருப்பு மட்டும் பின்னால் நகர்ந்தது.

"பேட்டரி வெயிட்டு" என்றார் டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே.

கண்ணாடியில் அம்மாள் தெரிந்தார். கோபப்படவில்லை. போனையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்று ஜீப்காரருக்குத் தோன்றியது. அவர்களின் குரலை மட்டும்தான் அவர் கேட்டிருக்கிறார், பார்த்ததில்லை. கதவு திறந்தால் அவர்கள் போய்விடுவார்கள். திரும்ப வரமாட்டார்கள். இருந்தாலும் கதவைத் திறக்காமல் இருக்க முடியாது.

சாவியைத் திருப்பினார்.

இஞ்சின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை மொத்தச் சரிவும் அதிர உறுமியது. புகைக்குழாயிலிருந்து கொட்டிய கறுப்புப் புகையில் டாக்டரும் காவலாளியும் காணாமல் போனார்கள். மெஷின்களின் மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. ஜீப்காரர் முன்னோக்கி எடுத்து, சுவரோரமாக நிறுத்தி, அணைத்தார்.

புகை கலைந்தது. டாக்டரின் முகத்தில் கரி. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு சார்ஜ் கொஞ்சம் அதிகமா ஏறிடுச்சு போலண்ணே" என்றார்.

அம்மாளின் கார் சத்தமின்றி வந்து அவர் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அடுத்த வாரம் நேரா நிறுத்துங்க சார். என்கிட்ட இப்படி நிறுத்தினா லைசென்ஸ் கிடையாது." கார் சரிவேறி மறைந்தது.

டாக்டர் முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். ஜீப்காரர் தயங்கித் தயங்கி மூன்றாவது மெஷினிடம் போய், வழக்கமாகத் தொப்பி மாட்டும் அந்த இருட்டுத் திரையைக் கையால் துடைத்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. காவலாளி குடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. அது டீசல் வண்டி. இத்தனை வாரமா சும்மா இந்த இடத்த அடைச்சுக்கிட்டு நின்னுட்டேன். நீங்க திருப்பி அனுப்பினீங்களே, அவங்கள்ல யாராவது ஏத்தியிருப்பாங்க."

காவலாளி தொப்பியில் படிந்த கரியைத் தட்டினார்.

"எதை சார் ஏத்தியிருப்பாங்க? நீங்க மொதல்ல வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே மூணு மெஷினுக்கும் லைன வெட்டிட்டுப் போயிட்டாங்களே, அவங்க ரெண்டு பேரும் உங்ககிட்ட சொல்லலையா?"