ரோபோவுக்கு வலிக்குமா என்றொரு வழக்கு

லிஃப்ட்காரர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இன்றோடு இந்த வீட்டில் ரோபோவின் அழுகைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுவது.

முடிவு எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாணமான பதினோரு வருடத்தில் குறைந்தது நானூறு முடிவுகள் எடுத்திருப்பார். எல்லாம் கூடத்தில் பிறந்து, சமையலறை வாசல் வரை போய், அங்கே ஒரு பார்வை பட்டதும் ஆவியாகிப் போனவை. ஆனால் இது அப்படியில்லை. இது பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த முடிவு. வலது பக்கப் பல்லை மட்டும்.

ஏன் வலது பக்கம் மட்டும் என்பது பரம ரகசியம். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வறுத்த கடலை ஒன்றை இடது பக்கம் போட்டுக் கடித்தார். கீழ்வரிசையில் கடைசிப் பல். 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணில் பூச்சி பறந்தது. அன்றிலிருந்து அவருடைய வாயில் இடது பக்கம் போக்குவரத்துத் தடை செய்யப்பட்ட பகுதி.

பல் வலித்தால் பல் டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அவர் மனைவிக்கு வேலையே பல் ஆஸ்பத்திரியில்தான். டாக்டர் பக்கத்தில் நின்று இடுக்கியும் பஞ்சும் எடுத்துக் கொடுப்பாள். ஆறு வருடமாகத் தினம் ஒரு கதையோடு வீட்டுக்கு வருவாள். ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த போலீஸ்காரர் கதை. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடிய குஸ்தி வாத்தியார் கதை. ஒவ்வொரு கதைக்கும் லிஃப்ட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "இவனெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறார். பதினாலாவது மாடியில், ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் தொங்கி லிஃப்டைப் பழுதுபார்க்கிற மனிதர் அவர். அதே ஆஸ்பத்திரியில் போய் வாயைத் திறந்தால் மானம் என்ன ஆகும்?

மனைவிக்குச் சந்தேகம் வராமலும் இல்லை. மூன்று தடவை கேட்டாள்.

"என்னங்க, பல்லு ஏதாச்சும் வலிக்குதா?"

"எனக்கா? இரும்பும்மா இது!"

மூன்று தடவையும் இரும்புதான். நான்காவது தடவை அவள் கேட்கவில்லை.

சரி, இதில் ரோபோ எங்கே வந்தது? தினம் மாலை ஏழு மணித் தொடரில் வந்தது. பார்த்தால் அசல் பெண். கன்னத்தில் குழிகூட விழும். ஆனால் உள்ளே முழுக்கக் கம்பியும் திருகாணியும். பெரிய மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலை. கதை எழுதுகிறவருக்கு அவள்மேல் என்ன கோபமோ, தினம் அவளுக்கு ஒரு துன்பம். ஒரு நோயாளி வெந்நீரைக் கொட்டுவார். இன்னொருவர் கையை முறுக்குவார். ரோபோ நர்ஸ் கண்ணீர் விடுவாள். உடனே அவளைச் செய்த கம்பெனி ஆட்கள் வந்து, "அது அழவில்லை, அழுவதுபோல் செய்யப்பட்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் காபி குடிப்பார்கள். இந்தப் பக்கம் லிஃப்ட்காரர் மனைவி கைக்குட்டையை எடுத்துக்கொள்வாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன வாரம் அந்த ரோபோ நர்ஸின் தாடையைத் திருப்புளி போட்டுக் கழற்றினார்கள். சோபாவில் இருந்த லிஃப்ட்காரருக்கு இடது பக்கம் 'விண்' என்று தெறித்தது. அதிலிருந்து ரோபோ கன்னத்தைப் பிடிக்கும்போதெல்லாம் இவர் பல்லும் கூடவே அழ ஆரம்பித்துவிட்டது. இனியும் தாங்காது. தொடரை நிறுத்தியாக வேண்டும்.

அன்றைய பாகம் முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, ஒரு மெஷினுக்காக எத்தனை கைக்குட்டை நனைப்பே?"

"பாவங்க. எப்படித் துடிக்குது பாத்தீங்கல்ல?"

"துடிக்கல. துடிக்கிற மாதிரி காட்டுது. எங்க லிஃப்ட்ல ஆளு ஜாஸ்தியா ஏறினா, 'பாரம் அதிகம், தயவுசெய்து இறங்கவும்'னு ஒரு அம்மா குரல்ல சொல்லுமே, அப்போ லிஃப்டுக்கு இடுப்பு வலிக்குதுன்னு அர்த்தமா?"

"இடுப்பு இருந்தா வலிச்சிருக்கும்."

"இருந்தாத்தானே!"

"இதுக்கு இருக்கே. நானே பாத்தேன், நல்ல இடுப்பு."

லிஃப்ட்காரர் உதவிக்குப் பக்கத்தில் திரும்பினார். அங்கே மேல்வீட்டு வக்கீல் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் ஏழு மணிக்கு வேறு தொடர் ஓடும். அதனால் இங்கே அடைக்கலம். வாதாடக் கேஸ் கிடைக்காத நேரத்தில் அவர் மற்றவர்கள் வீட்டுச் சண்டைக்கு நீதிபதியாக இருப்பார். கிடைக்காத நேரம்தான் அதிகம்.

"இது முக்கியமான வழக்கு," என்று வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முறைப்படி நடத்தணும். தோத்தவங்களுக்கு என்ன?"

"நான் தோத்தா தினம் கூடவே உக்காந்து பாக்கறேன். கைக்குட்டையும் எடுத்துத் தரேன்," என்றார் லிஃப்ட்காரர். "இவ தோத்தா ஏழு மணிக்கு டிவி எனக்கு."

"சரி," என்றாள் மனைவி. இவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். நானூறு முடிவுகளில் ஒன்றுக்குக்கூட அவள் சரி சொன்னதில்லை.

"உங்க வாதம் என்ன சார்?"

"முகம் வேற, உள்ளே இருக்கிறது வேற. முகத்தை வச்சு உள்ளே என்ன நடக்குதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ரோபோ முகம் அழுது. உள்ளே ஒண்ணுமில்லை. அவ்வளவுதான்."

"நீ என்னம்மா சொல்றே?"

"மனுஷங்களுக்கு வலிச்சா முகம் காட்டிக் குடுத்துடும் வக்கீல் சார். எங்க ஆஸ்பத்திரியில தினம் பாக்கறேன். வாய் இல்லைன்னு சொல்லும், முகம் ஆமான்னு சொல்லும். அப்ப அதே மாதிரி முகம் இருக்கிற ரோபோவுக்கும் வலிக்கத்தானே செய்யும்?"

"தப்பு!" என்று துள்ளினார் லிஃப்ட்காரர். "மனுஷனாலயும் மறைக்க முடியும். உயிரே போற வலியா இருந்தாலும், ஒரு சின்னச் சுளிப்பு இல்லாம இருக்க முடியும்."

"யாரால?"

"ஏன், என்னால!"

மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. "உங்களாலயா? கொசு கடிச்சா வீட்டையே கூட்டுவீங்க. ஷேவ் பண்றப்போ ஒரு கீறல் விழுந்தா மூணு நாள் லீவு போடுவீங்க. நீங்க வலியை மறைப்பீங்களா? சும்மா இருங்க."

ஒரு கலைஞனின் வேதனை உங்களுக்குத் தெரியுமா? பன்னிரண்டு நாளாக ஒருவர் உலகமே மெச்ச வேண்டிய நடிப்பை நடித்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடும்போது நடிப்பு. பல் தேய்க்கும்போது நடிப்பு. தும்மும்போதுகூட நடிப்பு. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒரே ரசிகை, உங்களுக்கு நடிக்கவே வராது என்கிறாள். லிஃப்ட்காரருக்குக் காது வரை சூடேறியது.

"சோதிச்சுப் பாரு!"

"எப்படி?"

"ஐஸ் தண்ணி கொண்டு வா. ஒரு டம்ளர். வாயில வச்சுக்கிட்டு முப்பது எண்ணுற வரைக்கும் இருக்கேன். முகத்துல ஏதாவது தெரிஞ்சா நான் தோத்தேன்."

"ஐஸ் தண்ணியில என்ன வலி இருக்கு?" என்றார் வக்கீல்.

"நீங்க எண்ணுங்க சார், சொல்றேன்."

மனைவி டம்ளர் நிறைய ஐஸ் கட்டி போட்டுக் கொண்டுவந்தாள். அவர் வீரமாக வாங்கினார். ஒரு வாய் எடுத்து, வேண்டுமென்றே இடது பக்கம் தள்ளினார்.

"ஒண்ணு... ரெண்டு..." வக்கீல் நீதிமன்றத்துக்கே உரிய நிதானத்தில் எண்ண ஆரம்பித்தார். அந்த நிதானத்தில்தான் நாட்டில் வழக்குகள் தேங்குகின்றன என்று லிஃப்ட்காரருக்கு அப்போது புரிந்தது.

ஐந்தில் பல் விழித்துக்கொண்டது. ஒன்பதில் தாடை முழுவதும் மின்சாரம் ஓடியது. பதினாலில் அவருக்குத் தன் பெயர் மறந்துபோனது. ஆனால் முகம்! புருவம் அசையவில்லை. உதடு துடிக்கவில்லை. ஏதோ பூங்காவில் காற்று வாங்குகிறவர்போல உட்கார்ந்திருந்தார். காது மட்டும் தக்காளி நிறத்துக்குப் போனது. காதுக்கு அவர் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

"இருபத்தொண்ணு... இருபத்திரெண்டு..."

"போதும் வக்கீல் சார்," என்றாள் மனைவி சட்டென்று. அவள் குரல் ஒருமாதிரி இருந்தது. "விட்டுடச் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் கையை ஆட்டி மறுத்தார். தொடரட்டும்.

"முப்பது!"

விழுங்கினார். எழுந்து நின்று மார்பை நிமிர்த்தினார். "தெரிஞ்சுதா? முகத்துல ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"கல்லு சார், கல்லு," என்று வக்கீல் வியந்தார். பிறகு தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. "ஆனா ஒரு சந்தேகம். முகத்துல ஒண்ணும் தெரியலை, ஒத்துக்கறேன். உள்ளே வலி இருந்துச்சா? வலியே இல்லேன்னா எதை மறைச்சீங்க? சாட்சி இல்லாம உங்க பக்கம் தீர்ப்பு சொல்ல முடியாது. இதுக்கு யார் சாட்சி?"

"யாரா? நானே சாட்சி!" லிஃப்ட்காரர் வெற்றிவெறியில் வாயை அகலத் திறந்து விரலை உள்ளே விட்டுக் காட்டினார். "இடது பக்கம், கீழே, கடைசிப் பல்லு! உயிர் போச்சு சார்! இன்னைக்கு மட்டுமில்ல, பன்னெண்டு நாள்! பன்னெண்டு நாளா உயிர் போகுது, இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது! எப்படி நம்ம நடிப்பு?"

அவர் விரல் இன்னும் வாய்க்குள்ளேயே இருந்தது. என்ன சொன்னோம் என்று மெல்ல மெல்ல அவருக்கே உறைத்தது.

"தீர்ப்பு உங்க பக்கம்தான் சார்," என்றார் வக்கீல் பரிதாபமாக.

மனைவி அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "டாக்டர், நான்தான். நாளைக்கு நாலு மணின்னு எழுதி வச்சிருந்தோம்ல, அது அப்படியே இருக்கட்டும். ஆமா, ஒத்துக்கிட்டாரு. தன் வாயாலயே."

வழக்கில் ஜெயித்தவர் மறுநாள் நாலு மணிக்கு அந்த நாற்காலியில் கிடத்தப்பட்டார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. டாக்டர் ஊசியை எடுத்தபோது கால் தானாகக் கதவைப் பார்த்துத் திரும்பியது. செருப்பை எங்கே கழற்றினோம் என்றுகூட யோசித்தார். மனைவி ஒரு கையால் இடுக்கியை நீட்டினாள், இன்னொரு கையை அவர் தோளில் வைத்தாள். எடுக்கவேயில்லை. அந்தக் கை அங்கே இருந்தவரை அவருக்குப் பெரிதாக ஒன்றும் வலிக்கவில்லை. பல் வெளியே வந்து தட்டில் 'டிங்' என்று விழுந்தபோது, இதற்கா பன்னிரண்டு நாள் என்று இருந்தது.

வீடு வந்தபோது மணி ஏழை நெருங்கியிருந்தது. இடது கன்னம் மரத்துப்போய், வேறு யாருடையதோ போலத் தொங்கியது. மனைவி நேர்மையானவள். ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"ஜெயிச்சது நீங்க. உங்க இஷ்டம், எதை வேணா போடுங்க."

அவர் நாலு சானலைத் திருப்பினார். பிறகு சும்மா, விளம்பரம் முடிகிற வரைக்கும் என்று, அந்தத் தொடரில் நிறுத்தினார். மேலதிகாரி ரோபோ நர்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "உனக்கு வலிக்கிறதா?" அவள் கன்னத்தில் குழி விழச் சிரித்து, "இல்லை ஐயா" என்றாள்.

லிஃப்ட்காரர் சோபா நுனிக்கு வந்துவிட்டார்.

"பொய்!" என்று அலறினார். மரத்த வாயில் அது "பொழ்" என்று வந்தது. "பொய் சொல்லுதும்மா அது! உள்ளுக்குள்ள எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும். பாவம்மா, யாராவது கேளுங்களேன் அதை!"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது மெஷின்ங்க. அதுக்கு என்ன வலிக்கப்போகுது?"

"என்னது? நீதானே தினம் அழுதே?"

"நான் எங்க அதைப் பாத்தேன்? உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு, யாருகிட்டயும் சொல்ல முடியாம, இரும்பு இரும்புன்னு சொல்லிக்கிட்டு... அதைப் பாத்துத்தான் அழுகையா வந்துச்சு. பொம்மைக்கு யாராச்சும் அழுவாங்களா?"

பதினோரு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை லிஃப்ட்காரர் கேட்டதில்லை. கண் நிறைந்து, மரத்த கன்னத்தில் அவருக்கே தெரியாமல் வழிந்தது. அவசரமாகப் புறங்கையால் துடைத்தார்.

"இந்த ஊசி இருக்கே," என்றார், "ரொம்ப மோசமான ஊசிம்மா. கண்ணுல எல்லாம் தண்ணி வர வைக்குது."

மனைவி ஒரு சட்டையை உதறி மடித்தாள்.

"ஊசி போட்டது இடது பக்கம்ங்க. ரெண்டு கண்ணுலயும் வருது."